கடுக்காய் போட்ட சுவர்

மாதனூரில் நான் இருப்பது ஒரே அறை உள்ள சின்னக் கல் வீடு. மாமனாரின் தாத்தா கட்டியது. சுவர் ஒன்றரை முழம் கனம். சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும்தான் கல்லுக்குக் கல் பிடிப்பு. பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று நான்தான் இரண்டு பக்கமும் சிமெண்டு பூச வைத்தேன்.

அடுத்த மழையிலேயே உள்சுவர் ஊறியது. பக்கத்து வீட்டு ஷமீமின் குளியலறைத் தண்ணீர்தான் என்று நானே முடிவு கட்டி, ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. அதற்கு முன் எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள்.

கலவை என்ற ஊரிலிருந்து வந்த கொத்தனார் சிமெண்டைக் கொத்திப் பார்த்தார். உள்ளே சுண்ணாம்பு சேறாக இருந்தது.

"தரையிலேந்து ஏறுற ஈரம் சுண்ணாம்பு வழியா வெளிய போய்டும் ஆயா. சிமெண்டு போட்டு நீயே வழிய அடச்சிட்ட. பக்கத்து வீட்டம்மா தண்ணி இந்தப் பக்கமே வரல."

எனக்கு யாரிடமும் வலியப் போய்ப் பேச வராது. அன்று போனேன்.

"தப்பு என்னுதுதான் ஷமீம். சிமெண்டாலதான் ஊறிச்சி."

"சுவரு காய எத்தினி நாளாம்?"

"ஆறு மாசம் ஆவுமாம்."

"எனக்கு அவ்ளோ நாள் ஆவாதுக்கா. உள்ள வா, டீ போடறேன்."

இப்போது கல் வெளியே தெரிகிறது. யாராவது பார்த்தால், "கடுக்காய் போட்டுக் கட்டின வீடு, நடுவில் கெடுத்தது நான்" என்று கூச்சப்படாமல் சொல்கிறேன்.