சம்மட்டியின் கை

ஊரில் அவளைச் சம்மட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். மூடிப்போன தங்கச் சுரங்கத்திலிருந்து கசியும் புளித்த தண்ணீர், ஆற்றில் சேருவதற்கு முன் ஒரு சுண்ணாம்புக்கல் வாய்க்கால் வழியாக ஓடும். கல்லில் பட்டால் புளிப்பு முறியும். ஆனால் கல்மேல் துரு ஏறி ஓடு கட்டிவிட்டால் எல்லாம் வீண். அந்த ஓட்டை உடைப்பதுதான் அவள் வேலை. அடித்தால் கல் பிளக்கவேண்டும், உள்ளே வெள்ளை தெரியவேண்டும். புருஷனையும் அவள் இப்படித்தான் விரட்டினாள் என்று கேலி பேசுவார்கள். அது பொய்யில்லை. கை நீட்டியவனைச் சம்மட்டிக் காம்பால் நாலு போட்டுத்தான் அனுப்பினாள்.

ஒரு ஞாயிறு மதியம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. சுரங்கத்தின் கழிவு மண்மேட்டில் அவள் தம்பி நின்றான். மழை உள்ளே இறங்காமலிருக்க மேட்டின்மேல் போர்த்தியிருந்த களிமண்ணைக் கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டிருந்தான். அடிமண்ணை அலசினால் இன்னும் தங்கம் வரும் என்று யாரோ காதில் ஓதியிருந்தார்கள்.

"மூடுடா. மழை உள்ள இறங்கினா விஷமெல்லாம் ஆத்துக்குத்தான் போகும். அம்மா குடிக்கிறதும் அந்தத் தண்ணிதான்" என்று சம்மட்டியோடு மேடேறி வந்தாள் அவள்.

"கல்லுடைக்கிறவ கல்லை உடை. மகாராணி மாதிரி பேசாத."

அவள் அவனுடைய சல்லடையைச் சரிவில் எட்டி உதைத்தாள். அவன் பாய்ந்து அவள் முடியைப் பிடித்து இழுத்தான். சம்மட்டிக் காம்பு அவன் முகத்தில் இறங்கியது. மூக்கு உடைந்து ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. வெறி தலைக்கேறி அவன் கடப்பாரையை வீசினான். வலது முழங்கைக்குக் கீழே, கல் பிளக்கிற அதே சத்தம். இந்த முறை உள்ளே தெரிந்த வெள்ளை அவள் எலும்பு.

அதைப் பார்த்ததும் தம்பி ஓடிவிட்டான். முதல் தூறல் விழுந்தது. அவள் இடது கையால் களிமண்ணை இழுத்துப் போட்டு, குழி மூடும்வரை காலால் மிதித்தாள். பிறகுதான் மயங்கி விழுந்தாள்.

மேடு தப்பித்தது. வாய்க்கால் தப்பவில்லை. சம்மட்டி தூக்க ஆளில்லாமல் கல்லெல்லாம் ஓடு கட்டி, ஆற்றங்கரை செந்நிறமானது. ஊர் குடத்தைக் கவிழ்த்து வைத்தது.

வீடு திரும்பியிருந்த மகன் முன்னால் அம்மா சம்மட்டியைக் கொண்டுவந்து போட்டாள். "அவ கையை உடைச்சவன் நீ. அந்தக் கையோட வேலைய நீதான் பாக்கணும். இல்லன்னா இந்த வீட்ல உனக்குச் சோறும் இல்ல, தண்ணியும் இல்ல."

"ஊருக்கே தண்ணி இல்ல, எனக்கு மட்டும் எங்க இருக்கப்போகுது" என்றான். கட்டுப் போட்ட மூக்கு என்றுகூடப் பார்க்காமல் அம்மா அறைந்தாள்.

மறுநாள் அவன் வாய்க்காலில் இறங்கினான். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா கரையில் உட்கார்ந்திருந்தாள். அவன் போட்ட போட்டில் துரு மட்டும் தெறித்தது.

"தடவியா குடுக்கற?" என்றாள். "என் கையில போட்ட மாதிரி போடு."

அவன் தலை நிமிராமல் காம்பை இறுக்கிப் பிடித்தான். பிறகு ஓங்கிப் போட்டான்.

கல் பிளந்த சத்தத்துக்கு அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.