பூவாடைக்காரிக்கு ஒரு புடவை

எங்கள் பக்கத்து வீட்டு ரத்தினம்மா, வெங்கடசாமிக்கு இரண்டாந்தாரமாகக் கார்வேட்டிநகரம் வந்தவள். மூத்தவள் சந்திரம்மா சுமங்கலியாகச் செத்தவள். அப்படிச் செத்தவள்தான் வீட்டைக் காக்கும் தெய்வம், பூவாடைக்காரி. கல்யாணம் என்றால் முதல் புடவையை அவளுக்குப் படைத்துவிட்டு, அதையே மணப்பெண்ணுக்குக் கட்டுவார்கள்.

புத்தூர்ப் பழைய சாமான் கடையில் வெங்கடசாமி வாங்கிய, புகையேறி மங்கிய படம் ஒன்று சுவரில் இருந்தது. தலை குனிந்து துணி தைக்கும் பெண். சந்திரம்மாவும் தையல்காரி. படத்தில் இருப்பது அவளென்றே ரத்தினம்மா நினைத்து, வந்த நாளிலிருந்து மஞ்சள் குங்குமம் அப்பி, ஆடிக்கு ஆடி படையல் போட்டாள்.

ஊர் ஆந்திராவிலா மெட்ராஸிலா என்று எல்லைத் தீர்ப்பு வராத சமயம். நான் சீமை வரை சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். மகள் கிருஷ்ணம்மாவின் கல்யாணத்துக்காகப் படத்தைத் துடைத்துத் தரச் சொன்னாள் ரத்தினம்மா. குங்குமமும் புகையும் போனதும் லேஸ் வைத்த தொப்பி தெரிந்தது. பிறகு செம்பட்டை முடி, பாவாடை மாதிரி ஒரு கவுன். ஓரத்தில் ஏதோ ஆங்கிலப் பெயரும் 1862 என்று வருஷமும்.

“அக்கா, இது வெள்ளைக்காரி.”

ரத்தினம்மா கணவனைக் கூப்பிட்டாள். “இன்னாயா இது?”

“அவதான்னு நான் எப்பச் சொன்னேன்?”

“இல்லேன்னும் சொல்லலியே! அப்ப இத்தினி வருசம் அந்த மவராசி ஒண்ணுமே வாங்கிக்கலியா? பட்டினியா கெடந்தவ எம்பொண்ண எப்படி வாழ்த்துவா?”

“குனிஞ்சி தைக்கறது அவ மாதிரியே இருந்திச்சி, எத்துக்கினு வந்தேன்.”

“அவ மூஞ்சி எப்பிடி இருக்கும்? அதையாவது சொல்லு.”

வெங்கடசாமி கண்ணை மூடிப் பார்த்தான். “இப்ப நெனச்சா இந்தப் படந்தான் வருது.”

ரத்தினம்மா ஒரு சொம்பில் தண்ணீர் நிரப்பி, பூச்சுற்றி, இதுதான் சந்திரம்மா என்று வைத்தாள். கல்யாணப் புடவையை அதன் முன்னால் வைக்கப் போனவள் படத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“யோவ், பஸ்ஸ புடிச்சி புத்தூர் போ. இன்னொரு பொடவ வாங்கிக்கினு வா.”

“வெள்ளைக்காரிக்கா? சம்பந்திங்க சிரிப்பாங்கடி.”

“சிரிக்கட்டும். நம்ம வூட்டு சோறு துன்னவள வெறுங்கையோடயா அனுப்பறது?”

சொம்புக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று இரண்டு புடவைகளையும் படைத்தார்கள். கற்பூரம் அணைந்ததும் எதைக் கட்டுவது என்று கேட்டாள் கிருஷ்ணம்மா. ரத்தினம்மா என்னைப் பார்த்தாள். நான் சொம்பைப் பார்த்தேன், பிறகு படத்தைப் பார்த்தேன்.