அத்தானுக்காக நான் எழுதிய விண்ணப்பம்

காலை ஏழு மணி பத்து நிமிடம். கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த தட்டச்சுப் பள்ளியின் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு சிறு புத்தகம். அதைப் பிடித்திருந்த கையை அடுத்தபடியாகத்தான் பார்த்தேன். அத்தான், என் அக்காவின் கணவர், வாசலில் நின்றிருந்தார். துணிக்குள் இருந்தது அவருடைய டிரைவர் லைசென்ஸ். நான் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். ஆனாலும் குளித்து, திருநீறு பூசி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஓர் அலுவலகத்துக்கு வருவதுபோல அவர் அங்கே வந்திருந்தார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. சென்னையிலிருந்து ஒரு தேயிலைக் கம்பெனி எங்கள் ஊரில் டிப்போ திறந்திருந்தது. கயத்தாறு, ஓட்டப்பிடாரம், புதியம்புத்தூர் என்று சுற்றிலும் உள்ள ஊர்களுக்கு வேனில் தேயிலைப் பொட்டலம் கொண்டுபோக ஓர் ஆள் தேவைப்பட்டது. அவரே வண்டி ஓட்ட வேண்டும், அவரே கடைகளில் பேசிச் சரக்கை விற்க வேண்டும். இதுவரை பார்த்த வேலைகளையும், அவற்றிலிருந்து விலகிய காரணங்களையும் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

“எங்க கொழுந்தியா இங்கிலீசுல அடிச்சுக் குடுத்தா கவர்னர் வேலையே கெடைக்கும். டீத்தூள் விக்கிற வேலை கெடைக்காதாக்கும்?” என்றார் அத்தான். கேலிதான். ஆனால் உட்காரச் சொன்ன நாற்காலியில் அவர் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

காரணம் எனக்குத் தெரியும். அப்போது அவர் தீப்பெட்டி ஏற்றிக்கொண்டு நாக்பூர் வரை போகும் லாரியில் டிரைவராக இருந்தார். போனால் வர மூன்று வாரம் ஆகும். போன மாதம் எங்கள் தெருவில் தந்திச் சேவகர் சைக்கிளை நிறுத்தியபோது அக்கா கையிலிருந்த குடத்தைக் கீழே போட்டுவிட்டாள். தந்தி எதிர்வீட்டு டிரைவரின் மனைவிக்கு. லாரி விபத்து, மருத்துவமனை, உடனே வரவும். அன்றிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. அத்தான் ஊர் திரும்பியதும் அவள் சொன்னது இதுதான்: “இன்னொரு நடை வடக்க போனியன்னா நான் பிள்ளையளக் கூட்டிக்கிட்டு எங்க அம்மை வீட்டுக்குப் போயிருவேன். பெறவு நீங்க எங்க இருக்கியன்னு நெனச்சு நெனச்சு என்னால சாக முடியாது.” அக்கா எதையும் இருமுறை சொல்கிறவள் அல்ல. அடுத்த நடைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. தேயிலை வேனில் போகிறவர் பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடலாம்.

பென்சிலை எடுத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினேன். லாரிக்கு முன்னால் அவர் ஆறு வருடம் ஒரு சோடா கம்பெனி வேனில் இருந்தார். அப்போதும் ஓட்டியதும் விற்றதும் அவர்தான். அவர் நடந்தபடியே சொல்ல, நான் எழுதினேன். கயத்தாற்றில் லாரிகள் நிற்கும் இடத்துக் கடைகளுக்கு வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். புதியம்புத்தூரில் பாய் கடைக்கு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குமேல் போனால், அவர் தொழுகைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார். “போன ஒடனே சரக்கு வேணுமான்னு கேக்கப்பிடாதுட்டி. மழை உண்டுமா, மக பெத்துட்டாளான்னு கேக்கணும். அவியளே பெட்டிய எறக்கச் சொல்லுவாவ.” ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கத்துக்குப் போனேன்.

“சோடா கம்பெனிய விட்டு ஏன் நின்னீங்கன்னு எழுதணும் அத்தான்.”

அப்போதுதான் அவர் நடப்பதை நிறுத்தினார். “நான் எங்க நின்னேன்? மொதலாளிதான் வெளிய போகச் சொன்னாரு. ஐப்பசில மழை விட்ட மறுநா. நாகலாபுரத்துக்கு உள்ள தள்ளி ஒரு ஊரு, திருவிழா, சரக்குப் போகணும்னாரு. நான் கரிசக்காட்டுக்குள்ள எறங்கி பத்தடி நடந்து பாத்தேன். மேல காஞ்சு வெள்ளையாத்தான் தெரிஞ்சுது. செருப்புல பாத்தா அப்பம் மாதிரி அப்பிக்கிட்டு வருது. இந்த மண்ணு டயர்ல சுத்துனா மட்கார்டுல அடச்சிக்கிடும். சக்கரம் சுத்தாது. ரெண்டு நா பொறுத்துத்தான் போவேன்னேன். வண்டிச் சாவிய வச்சுட்டுப் போலேன்னாரு. வச்சுட்டு வந்துட்டேன்.”

மறுநாள் வேறோர் ஆள் அந்த வண்டியை எடுத்துப் போய், அது நான்கு நாள் கரிசலில் புதைந்து கிடந்தது என்பதையும் சொன்னார். பெருமையாக அல்ல, தேதி சொல்வதுபோல. “இத நல்லா எழுதிரு, என்ன?”

எட்டரை மணிக்கு அவரை அனுப்பிவிட்டு இயந்திரத்தின்முன் உட்கார்ந்தேன். பள்ளியில் மாதிரி விண்ணப்பங்கள் அடங்கிய ஒரு கோப்பு இருந்தது. வேலையிலிருந்து அனுப்பப்பட்டதை ஒருபோதும் எழுதாதே என்பது எங்கள் மாஸ்டர் வகுத்த விதி. அதற்கென்று ஒரு வரி வைத்திருந்தார்: உடல்நலக் குறைவு காரணமாக விலகினேன். குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், மில்லில் சண்டைபோட்டு வந்தவர்கள் என்று எத்தனையோ பேருக்கு அந்த வரியை அடித்திருக்கிறேன். யாருக்கும் அதனால் கெடுதல் வந்ததில்லை. வண்டியை எடுக்க மறுத்தவர் என்று எழுதினால் எந்தக் கம்பெனி சேர்க்கும் என்று எனக்குத் தோன்றியது. கடைகளைப்பற்றிய பகுதியை நன்றாக எழுதினேன். இன்றைக்கும் அதில் திருத்த ஒன்றும் இல்லை. கடைசியில் கோப்பைப் பார்த்து அந்த வரியை அடித்தேன். அடிப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. மாலையில் அத்தான் வந்து தமிழில் கையெழுத்துப் போட்டார். “மழை விசயத்தப் போட்டியா?” என்றார். “அதுக்கு என்ன போடணுமோ போட்டிருக்கேன்” என்றேன்.

எட்டாம் நாள் கூப்பிட்டார்கள். சென்னையிலிருந்து வந்த அதிகாரி அவரை வேனை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கடைத்தெருவில் நிறுத்தியதும் ஒரு செட்டியார் கல்லாவிலிருந்தே, “என்ன அண்ணாச்சி, வடக்க போயி இந்தி படிச்சுட்டு வந்தீரா, இல்ல எங்களயே மறந்துட்டீரா?” என்று கத்தினாராம். அதிகாரி சிரித்தாராம். இறங்கிய பிறகு விண்ணப்பத்தை விரித்து, “உமக்கு என்ன நோய்?” என்று கேட்டிருக்கிறார்.

இதை அத்தான் அன்று மாலை பள்ளி வாசலில் வைத்து என்னிடம் சொன்னார். வீட்டில் சொல்லவில்லை.

“எனக்கு மொதல்ல வெளங்கல. எனக்கு ஒண்ணும் கெடையாது சார்னு சொல்ல வாயத் தொறந்துட்டேன். பெறவு நெனச்சேன், இந்த ஒரு வரி பொய்யின்னு ஆச்சுன்னா, நீ அடிச்ச அம்புட்டும் பொய்யின்னுல்லா நெனப்பான்? காய்ச்சல் சார்ன்னேன். எத்தன நாள்ங்கான். டாக்டர் சர்டிபிகேட் எங்கங்கான். வண்டி ஓட்டுத ஆளுக்கு என்ன காய்ச்சல், மயக்கம் வருமாங்கான். நான் என்னத்தச் சொல்ல?”

“நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது அத்தான்.”

“நல்லாத்தாம்ட்டி எழுதியிருந்த. கடையப் பத்தியெல்லாம் வாசிச்சுக் காட்டுனான். எனக்கே யாரோ பெரிய ஆளுன்னு இருந்துது.” சிரித்தார். பிறகு, “ஒங்க அக்காட்ட இதச் சொல்லாத. எனக்குப் பேசத் தெரியலன்னு சொல்லிக்கிடுதேன்” என்றார்.

அந்த வாரம் முழுவதும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தட்டச்சில் பிழைகள் விழுந்தன. டிப்போ இருந்த தெருவில் மூன்று நாள் மாலையில் நடந்து, மூன்று நாளும் வாசலைக் கடந்துபோனேன். ஒரு முறை வேன் வெளியே நின்றது. ஒரு முறை கதவு திறந்திருந்தது, கணக்குப்பிள்ளை மேசையில் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் உள்ளே போய், அந்த மனிதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாதிரிக் கோப்பு, செருப்பில் ஒட்டிய மண், சாவி. அவர் உள்ளூர்க்காரர். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

“இத எழுதியிருக்கப்பிடாதாம்மா? மழைக்காலத்துல கரிசக்காட்டு ரோட்டுல வண்டி ஓட்டத் தெரியுமான்னுதான் மெட்ராசுக்காரரு வந்த ஆளுக்கெல்லாம் கேட்டாரு. ஒங்க அத்தானுட்டதான் கேக்கல. காய்ச்சல்லயே நின்னுட்டாரு. மதுரைல இருந்து ஒரு ஆளுக்கு நேத்துத்தான் ஆர்டர் போயிருக்கு.”

பின்னாளில் மதுரையில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் செய்தி திருத்தினேன். யாராவது பதவி விலகிய செய்தியில் உடல்நலக் குறைவு என்று வந்தால் ஓரத்தில் கோடு போட்டு, சொன்னது யார், என்ன நோய் என்று கேட்டு அனுப்புவேன். நிருபர்களுக்கு என்மேல் எரிச்சல் உண்டு. நான் கண்டிப்பானவள் என்று நினைத்தார்கள்.

அந்தப் பதினெட்டு நாளும் கழிந்து, அத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு லாரி ஏறினார். அக்கா வாசலுக்கு வரவில்லை. நான் உள்ளே போனபோது தகரப் பெட்டியைத் திறந்துவைத்து, பிள்ளைகளின் உடுப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் அம்மா வீட்டுக்குப் போகும் ஓட்டப்பிடாரம் பஸ் நான்கு மணிக்கு. பெரியவன் தன் சிலேட்டை அவளிடம் நீட்டினான், அதையும் வாங்கி உள்ளே வைத்தாள். பெட்டியை மூடி, அதன்மேல் உட்கார்ந்து, கொண்டியை மாட்டினாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

“அவியளுக்குப் பேசத் தெரியாம போச்சுன்னு சொன்னாவ. ஆறு வருசமா கடை கடையாப் பேசி வித்த மனுசனுக்குப் பேசத் தெரியலயாம். நீ என்னதாம்ட்டி எழுதிக் குடுத்த?”

“எல்லாம் சரியாத்தான் எழுதினேன்” என்றேன்.