அம்மா போட்ட ஒப்பு

அம்மா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இன்று, இந்த நினைவு மலருடன் ஒரு துண்டும் உங்கள் கைக்கு வந்திருக்கும். மடிப்பைக் கலைக்காமல் சற்று வைத்திருங்கள். இதைப் படித்து முடித்ததும் விரித்துப் பார்க்கலாம்.

அம்மா பிறந்தது வாளையாருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். பிறந்த வீட்டிலேயே துணியில் அச்சடிக்கக் கற்றார். திருமணமாகி வந்தபோது சீர்வரிசையில் எல்லாவற்றையும் விடக் கனமாக இருந்தது அச்சுக்கட்டைப் பெட்டிதானாம். அப்பா லாரி ஓட்டப் போய்விடுவார். அம்மா மேசையில் கோணி விரித்து, அதன் மேல் துணியைப் பரப்பி, கட்டையைச் சாயத்தில் தொட்டு வைத்து, உள்ளங்கை அடியால் ஒரு குத்து விடுவார். அந்தச் சத்தத்தில்தான் நான் கண்விழிப்பேன். மழை மாதங்களில் துணி காயாது, வீட்டில் கஞ்சிதான். அப்போதும் சிரிப்புக்குக் குறைவில்லை. டெரிலின் சட்டையில் வந்த சித்தப்பாவிடம், "இது தண்ணி குடிக்காத துணிங்க கொழுந்தனாரே. சாயம் குடுத்தாத் துப்பிப்போடும்" என்பார்.

துணிகளை வாங்கும் பாலக்காட்டுக் கடைக்காரர், எது யார் அடித்தது என்று தெரிவதற்காக, ஒவ்வொருவருக்கும் பெயர் செதுக்கிய சிறு கட்டை கொடுத்திருந்தார். அம்மா பள்ளிக்குப் போனவரல்லர். ஆனால் தினமும் அந்த எழுத்துகளில் அடைந்த சாயத்தை ஈர்க்குச்சியால் சுரண்டிச் சுரண்டியே, தம் பெயரின் வளைவுகளைக் கைக்குப் பழக்கியிருந்தார். எங்களில் யாருக்கும் அது தெரியாது.

நம் குடும்பத்தில் முதன்முதலில் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தவள் நான். சேர்க்க அம்மாவே வந்தார்.

"கைநாட்டு வெக்க மாட்டேன், கண்ணு. நீ படிக்கற எடத்துல என்ற பேரு இருக்கோணும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

எழுத்தர் மைப்பெட்டியைத் திறந்து நகர்த்தினார். "பெருவிரலை வைங்க."

"எங்கையில இருக்கற சாயமே போகமாட்டீங்குது. உங்க மை வேற எதுக்குங்க? பேனாவைக் குடுங்க, ஒப்புப் போடறேன்."

பேனாவை வாங்கிய அம்மா, தாளின் வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கமாக எழுதிக்கொண்டு போனார்.

"என்னம்மா, அரபியா எழுதறீங்க?" என்றார் எழுத்தர். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா நிமிரவில்லை. கடைசி எழுத்தின் புள்ளியையும் வைத்த பிறகே பேனாவைத் தந்தார்.

"இது செல்லாது. விரலையே வைங்க."

அம்மாவின் முகம் சுருங்கியதை அன்றுதான் பார்த்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டு வந்த தலைமையாசிரியை தாளை எடுத்தார். பின்பக்கமாகத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு அம்மாவின் பெயரை உரக்கப் படித்தார். ஓர் எழுத்திலும் பிழையில்லை.

"எல்லாம் திரும்பியிருக்கே அம்மா?"

"கட்டையில இப்படித்தானுங்க இருக்குது. அடிச்சாத்தானுங்க நேராகும்."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "ஒப்பு ஒப்புதான். புள்ளையைச் சேர்த்துக்குங்க" என்றார்.

திரும்பும் பேருந்தில், கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் அம்மா, "ஒப்புப் போட்டுட்டு வர்றேனுங்க" என்றார். பிற்பாடு நேராக எழுதக் கற்றுத்தரப் பார்த்தேன். "ஒரு ஊட்டுல ரெண்டு பேருக்கும் ஒரே எழுத்து எதுக்கு?" என்று மறுத்துவிட்டார். நான் பள்ளி முடிக்கும்வரை அதே ஒப்புத்தான். இன்று நான் ஆசிரியை.

காய்ச்சலில் படுத்த கடைசி நாள்களிலும், போர்வையில் ஒரு பூ விலகியிருப்பதைக் காட்டி, "இது நா அடிச்சதில்ல. உங்க பெரியம்மா அடிச்சது" என்று பக்கத்தில் இருந்த பெரியம்மாவையே சிரிக்க வைத்தார்.

கூடவே இருந்து பார்த்துக்கொண்ட பெரியம்மாவுக்கும், மருத்துவமனைக்குப் போக வண்டி தந்த கடைக்காரருக்கும், கஞ்சி வைத்துத் தந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி. இந்தத் துண்டுக்கென்று புதுக் கட்டை செதுக்கித் தந்த ஆசாரிக்குத் தனி நன்றி. என் பழைய மதிப்பெண் அட்டையிலிருந்த அம்மாவின் ஒப்பை அவரிடம் கொடுத்தேன். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"திருப்பி வரையற வேலையே இல்லீங்க டீச்சர். உங்கம்மா மரத்துக்குன்னே எழுதி வெச்சிருக்காங்க."

இப்போது துண்டை விரியுங்கள். இக்கட்டுரையில் நான் ஓரிடத்திலும் சொல்லாத பெயர் அதன் ஓரத்தில் இருக்கிறது. அம்மாவின் கையெழுத்துத்தான், நேராக.