ஒழுக்கு அடைக்கக் கொடுத்த கரவன்

என் மச்சான் ஞானரட்ணத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நாற்பது சொல்லுவேன். ஆனால் ஒரு விஷயத்தில் அவன் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. அவனுக்கும் தன் மேல் ஆறவில்லை. அதற்குப் பிறகு அவன் கரவன் வேலையைத் தொடவே இல்லை.

என் மனைவி சிறிதேவியின் தம்பி அவன். எண்பத்தேழில் நோர்வேக்கு வந்தான். வடக்கே மீன் தொழிற்சாலையில் விறைத்துக்கொண்டு மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி, ட்வெய்ட்டாவில் அடுக்குமாடி வீடு எடுத்து, ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தான். கலியாணம் செய்யவில்லை. அக்காக்காரி நச்சரித்தால், "என்னோடை வந்து கொட்டிலுக்குள்ளை கிடக்க எவள் சம்மதிப்பாள் அக்கா?" என்று சிரிப்பான்.

கொட்டில் என்றது லில்லெஸ்ட்ரோமுக்கு வெளியே ஒரு கமக்காரரின் பழைய வைக்கோல் கொட்டில். அதில் ஒரு பக்கத்தை வாடகைக்கு எடுத்துத்தான் அவன் கரவன் திருத்தினான். கரவன் என்றால் காரின் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற சக்கர வீடு. கோடை வந்தால் நோர்வேக்காரர் பாதிப்பேர் அதற்குள்ளேதான் குடியிருப்பார்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் செய்த கரவன்களை எடுத்து, உக்கினதை வெட்டி, உடைந்ததை ஒட்டி, திரும்ப ஓட விடுவது ஞானத்தின் பைத்தியம். அப்படிப்பட்ட பைத்தியங்களுக்கு ஒரு சங்கமும் இருந்தது. அதில் ஒரே தமிழன் இவன்.

அந்தச் சங்கத்தில் ஒத்வார் என்று ஒரு கிழவர், ஓய்வுபெற்ற தச்சர். அவரிடம் ஞானம் படித்த மந்திரம் ஒன்றே ஒன்று: ஒரிஜினல். தொழிற்சாலையால் வெளிக்கிட்ட நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேணும். ஒரு கதவுப்பிடிக்காக எல்லை தாண்டி ஸ்வீடனுக்குப் போய், சரியான நிறம் இல்லையென்று வெறுங்கையோடு திரும்பி வந்தவன் அவன். "உன்ரை முன்பல்லே ஒரிஜினல் இல்லை, உனக்கேன்ரா இந்த விசர்?" என்று நான் பகிடி பண்ணுவேன். அவன் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பான்.

வடக்கே மீன் வெட்டிய காலத்தில் ஞானத்தை ஒரு அண்ணன் போலப் பார்த்துக்கொண்டவர் அருளானந்தன். இவனுக்குக் கையுறை வாங்கிக் கொடுத்து, மொழி சொல்லிக் கொடுத்து, காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்த மனிசன். பின்னாளில் அவரும் மனைவி அனஸ்ரேசியாவும் ஸ்ட்ரோம்மனில் வரிசை வீடொன்றில் குடியேறினார்கள். அங்கே வந்ததும் அவர் செய்த முதல் வேலை பழைய கரவன் ஒன்றை வாங்கியது. பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கோடை முழுக்க நோர்வேயைச் சுற்றினார்கள்.

அந்தக் கரவனை அவர் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருந்தார். இருக்கையின் ஓரத்தில் தேங்காய் திருவலையைத் திருகாணி போட்டுப் பூட்டியிருந்தார்; வேலை முடிந்தால் மடித்து உள்ளே தள்ளிவிடலாம். அடுப்புக்கு மேலே மாதா படத்துக்குச் சின்னத் தட்டு. அதற்குப் பின்னால் மெழுகுதிரிப் புகை பட்டுக் கறுத்த பலகை. கதவைத் திறந்தால் மிளகாய்த்தூளும் கருவாடும் கோப்பியும் கலந்த மணம் மூக்கில் அடிக்கும்.

அருளானந்தண்ணைக்கு மறதி வருத்தம் வந்தது. முதலில் பெயர்கள் போயின, பிறகு பிள்ளைகளின் முகங்கள். பின்னேரமானால் தன் சொந்த வீட்டுக்குள் நின்றுகொண்டே "வீட்டை போகோணும், வீட்டை போகோணும்" என்று அழுவார். அனஸ்ரேசியாக்கா என்ன சொல்லியும் அடங்க மாட்டார். ஒருநாள் தற்செயலாக வாசலில் நின்ற கரவனுக்குள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறா. மனிசன் இருக்கையில் சாய்ந்து, பெருமூச்சு விட்டு, "அப்பாடா, வந்திட்டம்" என்றாராம். அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அதுதான் மருந்து. அந்தக் கரவன் ஒன்றுதான் அவருக்கு வீடாக மிஞ்சியிருந்தது.

இரண்டாயிரத்து ஆறில் பனி கரையும்போது கூரை ஒழுகத் தொடங்கியது. அனஸ்ரேசியாக்கா ஞானத்தைக் கூப்பிட்டா. நானும் கூடப் போயிருந்தேன்.

"ஒழுக்கை மட்டும் அடைச்சுத் தாரும் தம்பி. வேறை ஒண்டும் செய்ய வேண்டாம். கெதியாத் தாரும், இவர் பின்னேரத்திலை கேப்பார்."

"நீங்கள் யோசியாதேங்கோ அக்கா. அண்ணைக்கு நான் செய்யாமல் ஆர் செய்யிறது?" என்றான் ஞானம்.

அங்கேதான் எல்லாம் பிழையாய்ப் போனது. கொட்டிலுக்குக் கொண்டுபோய்க் கூரையைக் கழற்றிப் பார்த்தால், சுவருக்குள் ஒரு மூலை உக்கியிருந்தது. அந்த மூலையோடு அவன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அது எழுபதாம் ஆண்டுக் கரவன், அபூர்வமான வகை. வந்து பார்க்கிறேன் என்று ஒத்வார் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் எங்கள் ஆட்களுக்கே உரிய பயம் அவனைப் பிடித்துக்கொண்டது.

அது கறி மணத்துப் பயம். வந்த புதிதில் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. வேலைக்குப் போடுகிற ஜக்கெட்டைப் பொலித்தீன் பையில் கட்டிப் படுக்கையறையில் ஒளித்து வைப்போம். வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் நடுப்பனியிலும் ஜன்னல்களை அகலத் திறந்துபோட்டு, பற்கள் கிட்டிக்க உட்கார்ந்திருப்போம். அவர் வந்து "என்ன, இவ்வளவு குளிராக இருக்கிறது?" என்று கேட்பார். நாங்கள் அசடு வழிவோம். இருபது வருஷமாகியும் அந்தப் பயம் ஞானத்தை விட்டுப் போகவில்லை. அண்ணையின் கரவனை ஒத்வார் மோந்து பார்த்துவிட்டு அண்ணையைக் குறைவாக நினைத்துவிடுவாரோ என்று பதறினான்.

ஒரு சனிக்கிழமை நான் கொட்டிலுக்குப் போனால் கரவனின் உள்பக்கம் முழுக்க உரித்த கோழியாகக் கிடந்தது. மெத்தை, திரைச்சீலை, உள்சுவர்ப் பலகைகள் எல்லாம் குப்பை மையத்துக்குப் போய்விட்டன. திருவலையும் மாதாவின் தட்டும் ஒரு பெட்டிக்குள் கிடந்தன.

"அடேய், திருவலையை ஏன்ரா கழட்டினனி?"

"மச்சான், ஃபக்டரியிலை திருவலை பூட்டியே விட்டவங்கள்?"

"கரவன் ஃபக்டரிக்காரன்ரையோ, அருளண்ணேன்ரையோ? அக்கா ஒழுக்கை அடைக்கத்தானே சொன்னவ?"

"நீ சும்மா இரு மச்சான். அண்ணை எனக்குச் செய்ததுக்கு ஒழுக்கை மட்டும் அடைச்சுக் குடுக்கிறதோ? முதல் நாள் கடையிலை எடுத்த மாதிரி குடுக்கிறன், பாரன்."

அவன் கண் கலங்கியிருந்தது. அன்பில்தான் செய்தான், சத்தியமாக. அன்பு வந்தால் இவன் காது அடைத்துவிடும்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை முடிந்தபோது கரவன் கண்ணைப் பறித்தது. அதே வெளிர் மரப்பலகை, அதே செம்மஞ்சள் கோடு போட்ட திரைச்சீலை, வார்னிஷ் வாசம். ஒத்வார் சுற்றிச் சுற்றி வந்து, கதவுகளைத் தடவிப் பார்த்து, நல்ல வேலை என்று தலையாட்டினார். பிறகு, முன்பு உள்ளே எப்படி இருந்தது என்று கேட்டார். "மோசம்" என்றான் ஞானம், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "அதையும் ஒருக்கால் பார்த்திருக்கலாம்" என்றார் கிழவர்.

ஸ்ட்ரோம்மனுக்கு இழுத்துக்கொண்டு போனோம். அனஸ்ரேசியாக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தா. "நல்ல வடிவாய் இருக்குத் தம்பி" என்றா, குரல் இறங்கிப்போய்.

பின்னேரமாகிவிட்டதால் அண்ணை அழத் தொடங்கியிருந்தார். அக்கா அவரைக் கையில் பிடித்துக் கூட்டி வந்தா. படியடிக்கு வந்ததும் மனிசன் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். தலையை நீட்டி உள்ளே பார்த்தார்.

"ஆக்கள் ஒருத்தரும் இல்லைப் போலை. கேக்காமல் பிறத்தியார் வீட்டுக்குள்ளை போகக்கூடாது. வாரும் போவம்."

"இது எங்கடை கரவன் எல்லோ அப்பா?" என்று அக்கா கெஞ்சினா. அவர் அவவின் கையை உதறிவிட்டு, வெறுங்காலோடு வாகனத் தரிப்பிடத்தில் நடந்துகொண்டு, "வீட்டை போகோணும்" என்று விம்மினார். ஞானம் அந்தச் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். அந்தக் காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கடவுளே, அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த நாளே குப்பை மையத்துக்குப் போய் நின்றான். பலகைகள் எப்போதோ அரைபட்டுப் போயிருந்தன. அதற்குப் பிறகு அவன் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். அக்காவிடம் பழைய படங்களை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்தான். திருவலையைத் திரும்பப் பூட்டினான். தட்டை அடித்து, மாதாவை வைத்து, மெழுகுதிரி கொளுத்திப் புதுப்பலகையைக் கறுக்க வைத்தான். மஞ்சளும் எண்ணெயும் குழைத்துச் சுவரில் பூசினான். ஜன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளே கருவாடு பொரிக்கச் சொன்னான். அக்காவும் சிறிதேவியும் இருமி இருமிப் பொரித்தார்கள். மணத்தைத் துரத்தினவனே இப்போது மணத்துக்காகத் தவம் கிடந்தான்.

ஒரு ஞாயிறு பின்னேரம் அண்ணையைத் திரும்பக் கூட்டி வந்தோம். இந்த முறை அவர் உள்ளே ஏறினார். இருக்கையில் உட்கார்ந்தார். நானும் ஞானமும் அக்காவும் படியடியில் நின்று பார்த்தோம். திருவலையைத் தொட்டுப் பார்த்தார். மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் முகம் மலர்ந்தது. ஞானம் என் கையை இறுக்கிப் பிடித்தான்.

"வலு கெட்டித்தனமாய்ச் செய்திருக்கிறீர் தம்பி" என்றார் அண்ணை, விருந்தாளிக்குரிய மரியாதையோடு. "எங்களிட்டையும் இதே மாதிரி ஒண்டு இருக்கு. அச்சொட்டாய் இதே மாதிரி. ஒருநாளைக்கு வந்து பாருமன், இவ கோப்பி போட்டுத் தருவா."

"ஓம் அண்ணை, கட்டாயம் வாறன்" என்றான் ஞானரட்ணம்.

அண்ணை எழுந்து, அக்காவின் கையைப் பிடித்தார். "சரி, நேரம் போகுது. வீட்டை போவம்" என்றார்.