எட்டுக்கு முப்பத்தொன்பது

காருக்கு டீசல் என்ஜின் பூட்டலாம் என்றது நான் அல்ல, என் மனைவியின் அண்ணன். வரக்காப்பொல கடைவீதியில் அவருக்குப் புடவைக் கடை. காரில் ஆளுக்குப் பாதிப் பங்கு. மற்ற நாட்களில் நான் அதை ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓட்டுவேன். றப்பர்த் தோட்டங்களில் சம்பளம் போடும் நாளில் அவர் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு என்னோடு மலைக்கு வருவார். எழுபதுகளின் நடுவில் பெற்றோல் ஏறிய ஏற்றத்தில், ஓட்டுவதைவிட நிறுத்தி வைப்பதே லாபம் என்றாகிவிட்டது.

"மாப்ள, டீசலுக்கு மாத்திடுவோம். நான் பாஸ்கிட்ட பேசிட்டேன்" என்றார்.

பாஸ் என்று நாங்கள் அழைத்தது கராஜ்காரச் சிங்களவரை. தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார். எதைக் கேட்டாலும், சரி சரி என்று தன் பாஷையில் "ஹரி, ஹரி" என்பார். விபத்தில் நொறுங்கிய ஒரு சின்ன லொறியின் என்ஜினைத் தேடிப் பிடித்து, எங்கள் பழைய இங்கிலீஷ் காருக்குள் இறக்கினார். என்ஜின் உட்கார்ந்தது. பொனெட்டும் மூடியது. முதல் நாள் ஸ்டார்ட் செய்தபோது கடைவீதியே வேடிக்கை பார்க்க வந்தது.

மூன்றாம் நாளே எனக்கு விளங்கிவிட்டது. பெற்றோல் என்ஜின் வேகமாகச் சுற்றக்கூடியது. இந்த லொறி என்ஜினுக்கு அந்தச் சுறுசுறுப்பு இல்லை. ஆனால் பின் அச்சில் இருந்த டிஃபரன்ஷியல் பழைய என்ஜினுக்கென்று செய்தது. பினியன் என்ற சின்னப் பற்சக்கரத்தில் எட்டுப் பல், கிரவுன் என்ற பெரியதில் முப்பத்தொன்பது. டொப் கியரில் சக்கரம் ஒரு தரம் சுற்ற, என்ஜின் ஏறக்குறைய ஐந்து தரம் சுற்ற வேண்டும். மலையில் ஆடு மாதிரி ஏறியது கார். தரை ரோட்டுக்கு வந்தால் கத்தித் தீர்த்தது. மணிக்கு முப்பது மைலைத் தாண்டினால் ஸ்டீயரிங்கே கையில் நடுங்கும். சைக்கிள்காரர்கள் ஓரம் ஒதுங்கி, நான் முந்தும்வரை காத்திருந்து அலுத்து, மறுபடி மிதிக்கத் தொடங்குவார்கள்.

"பல்லை மாத்தணும் மச்சான்" என்றேன்.

"எதுக்கு? மலை ஏறுதுல்ல? நமக்குத் தோட்டந்தானே சோறு போடுது."

அவருக்கு மலைதான் ரோடு. எனக்கோ பொல்கஹவெல ஸ்டேஷனுக்குப் போகும் தரை ரோடு. அந்த வருஷங்களில் இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகிற தோட்டக் குடும்பங்களை லயத்து வீடுகளிலிருந்து ஏற்றி, தலைமன்னார் ரயிலுக்குக் கொண்டுபோய் விடுவதுதான் எனக்கு முக்கியமான ஹயர்.

அப்படி ஒரு குடும்பம். ஒரு கிழவர், மகன், மருமகள், கைக்குழந்தை. லயத்தில் அழுகை முடிந்து புறப்படவே நேரமாகிவிட்டது. அது என் குற்றமல்ல. ஆனால் அலவ்வையைத் தாண்டிய நேர்ரோட்டில், பெற்றோல் காலத்தில் நான் பிடித்திருக்கக்கூடிய நேரத்தை இந்தக் காரால் பிடிக்க முடியவில்லை. மிதித்தேன். சத்தம்தான் கூடியது. பின்சீட்டிலிருந்த கிழவர், "தம்பி, வண்டிக்கு மேலுக்குச் சொகமில்லையா?" என்று கேட்டார். பற்களைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஸ்டேஷன் வாசலில் பிரேக் போட்டபோது ரயிலின் கடைசிப் பெட்டி தெரிந்தது. மகன் ட்ரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பிளாட்போரம் முழுக்க ஓடினான். ரயில் நிற்கவில்லை. ரயில் போனால் தலைமன்னாரில் ஏற வேண்டிய கப்பலும் போனதுதான். லயக் காம்பராவை அன்று காலையே வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். திரும்பிப் போக இடமில்லை. அடுத்த கப்பல் வரைக்கும் அவர்கள் எங்கள் வீட்டில் இருந்தார்கள். இரண்டு நாட்டுக்கும் நடுவில், எங்கள் சமையலறை மூலையில். மருமகள் ஒரு சொல் குறை சொல்லவில்லை. காலையில் எழுந்து என் மனைவிக்கு முன்னால் முற்றத்தைப் பெருக்கி வைத்தாள். ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

மச்சான் வந்து பார்த்துவிட்டு, "அவங்க நேரத்துக்குப் பொறப்படல, அதுக்கு வண்டி என்ன பண்ணும்?" என்றார். அன்றைக்கு நான் போட்ட சத்தம் பக்கத்துப் பலசரக்குக் கடைவரை கேட்டிருக்கும். அவர் இறங்கி வந்தார்.

வெளிநாட்டுச் சாமான் வராத காலம். கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, பத்துக்கு முப்பத்தொன்பது பல் உள்ள ஒன்றைக் கொண்டுவந்தேன். "இது கூடுதல் ஓட்டம், இழுவை குறையும். மலைக்கு ஆகுமா?" என்று பாஸிடம் கேட்டேன்.

"ஹரி, ஹரி. டீசல் இழுக்கும் மாத்தயா."

தரையில் கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. சத்தமே இல்லை. ஸ்பீடோமீட்டர் மட்டும் பழைய கணக்கிலேயே குறைத்துக் காட்டியது. ஒரு வாரம் நான் ராஜா.

பிறகு ஒரு கல்யாணம் வந்தது. கோயிலில் தாலி கட்டி முடிந்ததும், பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாப்பிள்ளையின் தோட்டத்துக்கு ஏற்றிப் போக வேண்டும். முன்சீட்டில் மச்சானும் தொற்றிக்கொண்டார்; பின்னால் பெண், மாப்பிள்ளை, இரண்டு அத்தைகள். றப்பர் ஸ்டோருக்கு மேலே ஒரு கொண்டை வளைவு. முதல் கியரில் திருப்பினேன். என்ஜின் இருமியது, திணறியது, நின்றது. கார் பின்னால் உருளத் தொடங்கியது. கை பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். அத்தைகள் கூச்சலிட்டார்கள். பின்னால் ஊர்வலமாக நடந்து வந்த மேளக்காரர்கள் மேளத்தைக் கீழே வைத்துவிட்டுச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். மறுபடி முயன்றேன், கிளச் கருகிய நாற்றம்தான் எழுந்தது.

"நான் சொன்னேன்ல?" என்றார் மச்சான். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எல்லோரும் இறங்கினார்கள். மேளக்காரர்கள் தள்ளினார்கள். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டித் தானும் தள்ளினான். பெண் கூறைச் சேலையின் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் ஜன்னலருகே வந்தாள்.

"அண்ணே, நீங்க மெதுவா வாங்க. நான் முன்னால போயி வெளக்கேத்திடுறேன்" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள். கேலியா, ஆறுதலா என்று தெரியவில்லை. லயத்துப் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு போனார்கள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, என் காரைத் தள்ளுகிறவர்களின் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவதாகத் தேடியது இரண்டுக்கும் நடுவில் ஒன்று. ஒன்பதுக்கு முப்பத்தெட்டு. கிடைக்க மாதங்கள் ஆயின. கிடைத்ததிலும் ஒரு கோளாறு. கிரவுனும் பினியனும் சேர்ந்தே தேய்ந்து பழகிய ஜோடியாக இருக்க வேண்டும். கடைக்காரன் கொடுத்தது ஒரு வண்டியின் கிரவுன், இன்னொரு வண்டியின் பினியன். பூட்டி ஓட்டியபோது மலையும் ஒருவாறு ஏறியது, தரையிலும் ஒருவாறு ஓடியது. ஆனால் இருபத்தைந்து மைலில் பின் அச்சு ஊளையிடத் தொடங்கும். பாஸ் கழற்றி, தகடு வைத்து, மறுபடி பூட்டினார். பிறகும் கழற்றினார்.

"ஓடி ஓடிப் பழகும்" என்றார்.

பழகவில்லை. ஹயருக்கு வந்தவர்கள், "என்ன முதலாளி, பின்னால நாய் கட்டியிருக்கா?" என்று கேட்டார்கள். மச்சான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார். பஞ்சை எடுக்காமலேயே என்னோடு சண்டையும் போட்டார். எது சரியான பல் என்று நாங்கள் வாதாடாத பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை. என் மனைவி ஒருநாள் சோற்றுக் கரண்டியைத் தட்டில் ஓங்கி வைத்து, "அந்தக் காரப் பத்தி இந்த வீட்டுல இனி ஒருத்தரும் பேசக் கூடாது" என்றாள். அதன்பிறகு நாங்கள் கடையில் வைத்துச் சண்டை போட்டோம்.

கடைசியில் காரை விற்கப் போட்டோம். வந்தவர்கள் ஓட்டிப் பார்ப்பார்கள், ஊளையைக் கேட்பார்கள், தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். குருவிட்டையிலிருந்து வந்த ஒருவர் மட்டும் ஓட்டவே கேட்கவில்லை. பொனெட்டைத் திறந்து, என்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மாணிக்கக் குழி இருந்தது; தண்ணீர் இறைக்க ஒரு டீசல் என்ஜின் வேண்டுமாம்.

"டிஃபரன்ஷியல்ல கொஞ்சம் சத்தம் இருக்குங்க" என்று நான் மனசாட்சிக்காகச் சொன்னேன்.

"அது எனக்கு எதுக்கு?" என்றார் அவர். "பின்பக்கத்த நீங்களே வச்சுக்கங்க."

அவர் ஆட்கள் சங்கிலி போட்டு என்ஜினைத் தூக்கி லொறியில் ஏற்றினார்கள். மச்சானும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தோம். லொறி போனதும், எங்களுக்கு மிஞ்சிய காரின் பின் சக்கரத்தை மச்சான் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.