வலது கதவின் வீக்கம்

எங்கள் வீட்டில் யாரும் நகத்துக்குச் சாயம் பூசியதில்லை. நானும் பூசியதில்லை, ஆசைப்பட்ட பெண்ணையும் பூச விட்டதில்லை. அதனால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் கணவர் கழற்றிப் போட்ட சட்டையிலிருந்து நகச்சாயம் அழிக்கிற திரவத்தின் வாசனை வந்ததும் அதை இன்னொரு தடவை மூக்கில் வைத்துப் பார்த்தேன். என் ஆபீசில் பக்கத்து மேசைக்காரி மத்தியானம் சாப்பிட்டதும் அதைப் பஞ்சில் தொட்டு நகத்தைத் தேய்ப்பாள். மூக்குக்கு நன்றாகப் பழகிய வாசனை அது.

"பேங்க்லேர்ந்து நேரா வரேளா?" என்று கேட்டேன்.

"பின்னே?" என்றார். ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை பேங்க் அரை நாள்தான். அவர் வந்தபோது எங்கள் கரமனைக் கோயிலில் தீபாராதனை மணி அடித்துவிட்டது. அடுத்த வாரமும் அதே நேரம், அதே வாசனை. துவைக்கப் போட்ட சட்டையை வெயிலில் உதறினால் கைப்பட்டையில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. மேடை ஏறுகிற பெண்கள் கன்னத்தில் பூசிக்கொள்வார்களே, அந்த ஜிகினாத் தூள் மாதிரி. அவரோ முன்கையைச் சொறிந்துகொண்டே இருந்தார். கேட்டால் கொசு என்றார். போதாக்குறைக்கு, கொடியில் காய்ந்த பனியன்கள் குறைந்துகொண்டு வந்தன. புருஷனின் பனியன் வெளியே எங்கேயோ தங்கிவிடுகிறது என்றால் எந்தப் பெண்டாட்டிக்குத் தூக்கம் வரும்?

இன்னொன்றும் இருந்தது. வீட்டில் கேட்டதற்குப் பதில் சொல்கிற மனிதர், காரில் பக்கத்தில் உட்கார்ந்து நான் பேசினால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். மனசு வேறெங்கோ இருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

அது சண்டை போடக்கூடிய நேரமாக இருந்தால் நான் அன்றைக்கே இரண்டில் ஒன்று பார்த்திருப்பேன். ஆனால் எங்கள் பெண்ணுக்கு வலியசாலையிலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. ஜாதகம் பொருந்தி, பையன் போட்டோவும் அவளுக்குப் பிடித்து, பெண் பார்க்க வரும் நாளைக்கூடப் பேசிவிட்டார்கள். அந்தக் குடும்பம் விசாரிப்பதில் பேர் போனது. பெண்ணைப் பற்றி மட்டுமில்லை, பெண்ணின் சித்தப்பாவுக்கு வெற்றிலை உண்டா என்பது வரை கேட்பார்கள். எங்கள் தெருவிலோ வீட்டுக்கு வீடு சுவர் ஒன்று. இங்கே விசும்பினால் அங்கே என்னவென்று கேட்பார்கள். அப்பாவுக்கு இன்னொருத்தி என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தால் போதும், இடம் தவறிப்போகும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். என் வாயில் விழுந்தது அடுப்பில் வைத்த பால், கொஞ்சம் அசந்தால் பொங்கிவிடும் என்பது உறவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அடுத்த தெருவில் இருக்கும் என் அக்கா தினமும் வந்து, "ஏண்டி, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?" என்று குடைந்தாள். தலைவலி என்றேன். அவளிடம்கூடச் சொல்லவில்லை. ராத்திரி அவர் குறட்டை விட, நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பெண் பார்க்க வருவதற்குச் சில நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை, சாலைக்கடையில் சாமான் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். கிள்ளிப்பாலம் தாண்டியதும் ஜன்னல் வழியாக எங்கள் பழைய மாருதியைப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி செய்கிற பைபர் பட்டறை ஒன்றின் முன்னால் நின்றுகொண்டிருந்தது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று திரும்பி நடந்தேன். எவளாயிருந்தாலும் இன்றைக்கு நேருக்கு நேர் பார்த்துவிடுவது என்று.

பட்டறையில் பெண் என்று யாரும் இல்லை. காரின் வலது கதவு திறந்து, உள்பக்க அட்டை கழற்றப்பட்டு, வெறும் தகரமாக நின்றது. என் கணவர் டிரைவர் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டறைக்காரர் ஒரு சட்டத்தைக் கதவோடு சேர்த்துப் பிடித்து, கொஞ்சம் சாய்த்து, கொஞ்சம் நிமிர்த்தி, "இப்பம் சரியா சாரே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதில் இரண்டு மரவளையங்கள், அவற்றின் மேல் இழுத்துக் கட்டிய துணி. துணியின் ஓரத்தில் எங்கள் வீட்டுச் சலவைக் குறி. அவருடைய பனியன்தான்.

தொடப் போனேன். பட்டறைக்காரர் தடுத்தார். பாறசாலைப் பக்கத்துத் தமிழர் அவர். "தொடாதீங்க அம்மா, ரெசின் பசை இன்னும் காயல்ல. பனியன் துணின்னா நல்லா வலிஞ்சு நிக்கும். காஞ்சப்பெறவு பின்னால பைபர், மின்னுற கண்ணாடி நாராக்கும், வச்சு ஒட்டணும், மேல பட்டி போட்டுத் தேய்க்கணும். சாரே வந்து தேய்ச்சுத் தாராரு. கை சொறியும்னு சொன்னாலும் கேக்கல்ல."

பக்கத்தில் ஒரு டப்பா இருந்தது. அவர் அதிலிருந்து கையில் ஊற்றி ரெசின் பிசுக்கைத் துடைத்தார். அதே வாசனை. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. சிரிப்பும் வந்தது.

ஆனால் பட்டறைக்காரர் விடவில்லை. "பாட்டு ஸ்பீக்கர்னா ஒரு கதவில ஒண்ணு, மத்த கதவில ஒண்ணு, அதாக்கும் முறை. சாருக்கு ரெண்டும் வலத்து பக்கமே வேணுமாம். நீங்களாவது சொல்லுங்கம்மா."

போன சந்தேகம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. பாட்டுப் பெட்டிக்கு ஸ்பீக்கர் வைப்பதை என்னிடம் மறைப்பானேன்? வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கேட்டேன். மறுபடி கேட்டேன். ரோட்டைப் பார்த்தார். தோளைப் பிடித்து உலுக்கினேன். கரமனைப் பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டினார்.

"இடது காது போயிடுத்து," என்றார். "போன வருஷம் வந்த ஜுரத்துக்கு அப்பறம். இனிமே வராதுன்னுட்டார் டாக்டர். கச்சேரி டேப் போட்டா பாடறவா குரல் கேக்கறது, வயலின் அந்தப் பக்கம் போயிடறது. அதுக்காக்கும் ரெண்டையும் இந்தப் பக்கம் வெக்கறேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?" அவர் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டேன்.

"சொன்னா நீ உன் அக்காகிட்ட சொல்லுவே. அவ தெருவுக்கே சொல்லிடுவா. என் அப்பாவும் கடைசில செவிடாத்தானே இருந்தார்? குடும்ப வியாதின்னு வலியசாலைக்காரா ஜாதகத்தைத் திருப்பிடுவா."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் கோபம் தங்கவில்லை. வயலின் காணாமல் போனதைச் சொல்லும்போது இடது காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் நானும் கூட்டுக் களவாணி. பெண் பார்க்க வந்த அன்று பையனின் அப்பாவை இவருக்கு வலப்பக்கம் உட்கார வைத்தேன். சொஜ்ஜி, பஜ்ஜி, பாட்டு எல்லாம் நன்றாகவே நடந்தன. கிளம்புகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். சம்பந்தி முன்சீட்டில், இவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் ஏறினார். நான் அலறாத குறையாகப் பின்சீட்டில் சம்பந்தியம்மாளோடு ஏறிக்கொண்டேன்.

வலது கதவு பல்வலிக்காரனின் கன்னம் மாதிரி வீங்கி நின்றது. கறுப்பு ரெக்சின் போர்த்தி, இரண்டு ஸ்பீக்கரும் இவர் காதைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. சம்பந்தி மின்சார இலாகாவில் இருந்து ரிட்டயர் ஆனவர். அதையே உற்றுப் பார்த்தார். பிறகு தன் பக்கத்துக் கதவைத் தடவிப் பார்த்தார்.

"இதென்ன, ரெண்டும் அங்கேயே வெச்சிருக்கேள்? இந்தப் பக்கம் ஒண்ணுமில்லையே?"

இவர் வைப்பர் ஓடுவதைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு நொடியில் என் பெண்ணின் கல்யாணம் அந்தக் கதவில் தொங்கியது.

"நானாக்கும் இவர்கிட்ட சொன்னேன் மாமா," என்றேன். "எனக்குச் சத்தம் கேட்டா தலைவலி. பாட்டெல்லாம் உங்க பக்கமே இருக்கட்டும், என் பக்கம் ஒண்ணு வெச்சேள்னா வண்டில ஏற மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சேன்."

சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். "எங்காத்துலயும் இதே கதைதான்" என்றார். சம்பந்தியம்மாள் வெட்கப்பட்டாள். வலியசாலை வந்து சேர்வதற்குள் நிச்சயதார்த்தத்துக்கு நாள் பேசிவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் பெண்ணை அடுக்களைக்குள் இழுத்துப்போய், அப்பாவுக்கு ஒரு காது கேட்காததில் தொடங்கி, காரில் நடந்தது வரை மூச்சு விடாமல் சொன்னேன். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று நினைத்தேன்.

"கலக்கி, அம்மே," என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். "நீ சமாளிச்சுடுவேன்னு அப்பாகிட்ட நான் அப்பவே சொன்னேன். அவர்தான் பயந்தார்."

"அப்பவேன்னா?"

"டாக்டர்கிட்ட என்னைத்தானே கூட்டிண்டு போனார், போன வருஷம்? உன்கிட்ட மட்டும் மூச்சு விடாதேன்னு சத்தியம் வாங்கினார். உன் வாயில ஒண்ணும் நிக்காதோல்லியோ." விளையாட்டாகத்தான் சொன்னாள்.

எனக்குக் காது மடல் வரைக்கும் கொதித்தது. வாசனையும் ஜிகினாவும் பனியனும் என்று எத்தனை நாள் தனியாகப் புழுங்கினேன், கூடப் பிறந்தவளிடம்கூடச் சொல்லாமல். என் வாயிலும் ஒன்று நிற்கும் என்று இருவர் முகத்துக்கும் நேரே சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் அது என்னவென்றும் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பாவைப் பற்றி நான் என்ன நினைத்தேன் என்பதை, கல்யாணப் பெண்ணிடம், அன்றைக்கு.

"ஆமாண்டி, நிக்காதுதான்" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த பஜ்ஜியை அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்ப எடுத்து வைத்தேன்.